சுகாதாரமும் சுற்றுச்சூழலும் ஒரே துறையானால்: கேள்வி-பதில்

கே: அமெரிக்காவில் இந்த இரண்டும் ஒரே துறையாக இயங்கும் மாநிலங்கள் உண்டா?

ப: உண்டு. கேன்சஸ் 1974 முதல் அப்படித்தான். கொலராடோவில் 1994 முதல். ஆனால் காற்று பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் வீசுகிறது. அரிசோனா 1987-இலும், டென்னசியும் நியூ மெக்சிகோவும் 1991-இலும், வடக்கு டகோட்டா 2019-இலும் பிரித்துவிட்டன. 1973-இல் இணைத்த தென் கரோலினாவும் 2024 ஜூலை 1 அன்று பிரித்தது.

கே: சேர்த்து வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

ப: புதிய யோசனை இல்லை, பழைய வீடுதான். குடிநீர், சாக்கடை, பால் எல்லாம் ஆதியில் சுகாதார வாரியங்களின் வேலை. 1970-இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை (இபிஏ) அமைத்தது. காற்று, ஆறு, குடிநீர் என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்ததும் உரிமம் வழங்கும் வேலை மாநிலங்களின் தலையில் விழுந்தது. பிள்ளை வளர்ந்து தனிக்குடித்தனம் போனான், அவ்வளவுதான்.

கே: ஒரே துறையாக இருந்திருந்தால் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் குடிநீரில் ஈயம் கலந்த அவலம் நடந்திருக்காதே?

ப: இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்தத் தாள் சுகாதாரத் துறைக்குப் போகும். அதே வீட்டுக் குழாய்த் தண்ணீரின் சோதனை முடிவு சுற்றுச்சூழல் துறைக்குப் போகும். இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வந்தால்தான் காரணம் பிடிபடும். மிச்சிகனில் துறைகள் தனித்தனி. ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு 2016-இல் முதல் பொறுப்பைச் சுற்றுச்சூழல் துறை மேல்தான் வைத்தது. சுகாதாரத் துறையும் தப்பவில்லை.

சரி, மறுபக்கத்தையும் பாருங்கள். தென் கரோலினாவில் டென்மார்க் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கிணற்றில் ஹாலோசான் என்ற ரசாயனத்தைப் பத்தாண்டு கலந்திருக்கிறார்கள். குடிநீருக்கு அதைப் பயன்படுத்த இபிஏ அனுமதி கிடையாது. அதற்கு ஒப்புதல் தந்தது இரண்டும் சேர்ந்திருந்த அதே துறைதான். ஒரே கட்டடத்தில் இருந்தால் மட்டும் பக்கத்து அறைக் கோப்பு தானாக வந்துவிடாது. அதைப் பார்க்கவேண்டியவர் இன்னார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

கே: இணைத்தால் செலவு குறையுமா?

ப: கொஞ்சம். சம்பளப் பிரிவு, கணினி, வாகனம் போன்றவற்றில் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் இபிஏ தரும் மானியத்தை எடுத்துத் தடுப்பூசிக்குச் செலவழிக்க முடியாது. கணக்கு தனித்தனியாகவே ஓடும்.

கே: தென் கரோலினாவில் உணவகம் நடத்துகிறேன். பிரிவினைக்குப் பிறகு என்னைச் சோதிக்க வருவது யார்?

ப: இரண்டு புதுத் துறைகளும் இல்லை, விவசாயத் துறை! உணவுப் பாதுகாப்பை அங்கே மாற்றிவிட்டார்கள். ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் சேவைத் துறையிடம்தான் போகவேண்டும்.

கே: எங்கள் மாநிலத்தில் இணைப்பு மசோதா வரப்போகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

ப: பெயர்ப்பலகையை விடுங்கள். தலைமைக்கு வருபவரை யார் நியமிக்கிறார் என்று முதலில் பாருங்கள். தென் கரோலினாவின் பழைய துறையை எட்டுப் பேர் வாரியம் நடத்தியது. இப்போது இரு தலைவர்களும் ஆளுநரின் அமைச்சரவையில் இருக்கிறார்கள், கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

அப்புறம், ஆலை உரிமத்தில் கையெழுத்திடும் அதிகாரி யார்? தொற்றுநோய் வந்தால் தலைமை முழுக்க அந்தப் பக்கம் ஓடும். அந்த மாதங்களில் புகைபோக்கியைக் கண்காணிப்பவருக்குத் தனி அதிகாரமும் ஒதுக்கீடும் மசோதாவில் இல்லாவிட்டால் நான் ஆதரிக்கமாட்டேன். வீட்டுக் கிணற்றையும் கவனியுங்கள். மத்தியக் குடிநீர்ச் சட்டம் குறைந்தது 15 குழாய் இணைப்போ 25 பேரோ உள்ள பொது அமைப்புகளுக்குத்தான். சொந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு எந்தப் பிரிவு பொறுப்பு என்று மசோதாவில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.