திராட்சைத் தோட்டத்தை விற்காதீர்கள், அண்ணே

போன ஞாயிற்றுக்கிழமை குமுளியில், மேற்படிப்புக்கு வழி சொல்கிற என் அறைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசர். அம்மா கொழுந்து எடுக்கிறார். மூன்று தலைமுறையாக லயத்தில்தான், அதாவது தோட்டக் கம்பெனியின் வரிசை வீட்டில்தான் குடியிருப்பு. கம்பத்திலிருந்து தாய்மாமாவும் கூட வந்திருந்தார். பெண் ப்ளஸ் டூ முடித்து நீட் எழுதியிருக்கிறாள், இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அம்மா உட்கார்ந்ததிலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நானும் முதலில் வழக்கமான ஆறுதலைத்தான் ஆரம்பித்தேன். வயது இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றேன். அப்போது மாமா சொன்னார்: காமயக்கவுண்டன்பட்டியில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் பார்த்தாயிற்றாம். ஒரு வருடம் நாமக்கல்லில் கோச்சிங், அதிலும் வராவிட்டால் வெளிநாட்டில் டாக்டர் படிப்பாம். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று கொஞ்சம் வேகமாகவே பேசிவிட்டேன். அதையே இப்போது நிதானமாக எழுதுகிறேன். இந்த ஜூன் மாதம் மலையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இன்னும் பல வீடுகளில் இதே பேச்சுதான் ஓடுகிறது.

அண்ணே, நான் உங்கள் பெண்ணிடம் கேட்டது ஒரே கேள்வி. யாரும் சொல்லாமல் நீயாகச் செய்கிற காரியம் எது என்று கேட்டேன். அவள் பையிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து தோட்ட ஆபீஸ் மழைமானியில் தினமும் காலை விழுந்திருக்கும் மழையைப் பார்த்து எழுதி வருகிறாள். ஆரம்பித்தது 2020 ஆகஸ்டில். அந்த மாதம் 6-ஆம் தேதி இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்களே, அதற்கு அடுத்த வாரம். நீங்கள் அந்த நோட்டை முழுதாகப் பார்த்ததில்லை என்று அன்றே சொன்னீர்கள். நான் பாதிவரை பார்த்தேன். ஒரு பக்கத்தில் மூன்று நாள் மழையைத் தனியாகக் கூட்டிக் கட்டம் போட்டிருக்கிறாள். பக்கத்தில், “நாலாம் நாள் மழை கம்மி. ஆனா ரோட்டுக்கு மேல மண்ணு சரிஞ்சது” என்று எழுதியிருக்கிறாள்.

நிலச்சரிவை ஆராய்கிறவர்கள் போடுகிற கணக்கே இதுதான். இன்றைக்குப் பெய்த மழையை மட்டும் பார்த்தால் போதாது. முந்திய நாட்களில் மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாமக்கல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டாக்டர் ஆக வேண்டும் என்று உள்ளே ஆசை இருக்கிற பிள்ளை இரண்டாம் முறை எழுதட்டும், நானே ஊக்கம் கொடுப்பேன். உங்கள் பெண் என் முன்னால் மூன்று தரம் சொன்னாள், அவளுக்கு அந்த ஆசை இல்லை. வெளிநாட்டுப் படிப்போ இன்னும் ஆபத்து. அங்கே முடித்து வந்த பிறகு இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத தேர்வுகள் பல உண்டு. தேறாவிட்டால் இங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது, நிலமும் இருக்காது. லயம் கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் ரிடயர் ஆகிற அன்று உங்களுக்கென்று இருக்கப்போவது அந்த ஒன்றரை ஏக்கர் மட்டும்தான். அதை விற்றுப் படிக்க வைக்கிற எந்தப் படிப்புக்கும் நான் சரி என்று சொல்ல மாட்டேன், அது டாக்டர் படிப்பாக இருந்தாலும்.

இன்ஜினியரிங், நர்சிங், பி.காம் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது ஜியாலஜி. மாமா அதைக் கேட்டதும் பள்ளிக்கூட புவியியல் பாடம் என்று நினைத்துக்கொண்டார். அது வேறு. இது பாறை, மண், நிலத்தடி நீர், நிலநடுக்கம், மலைச்சரிவு, கனிமம் இவற்றைப் படிப்பது. தமிழில் நிலவியல் என்போம். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவரை இந்தப் பாடம் கண்ணிலேயே படாது. கேரளத்தில் சில மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கிறது, ஆனால் நம் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு மலை சரிந்தால் ஜியாலஜிஸ்ட் என்ன செய்வார் என்று பாப்பா கேட்டாள். நாம் உருள்பொட்டல் என்று சொல்வோமே, அந்த இடத்தின் உச்சிக்கு ஏறி எங்கே பிளந்தது என்று முதலில் பார்ப்பார். கையில் சுத்தியல், திசைகாட்டி, ஒரு லென்ஸ். சரிவு எத்தனை டிகிரி, பாறைக்கு மேல் மண் எத்தனை அடி கனம், பாறையின் வெடிப்புகள் மலைக்கு உள்நோக்கிச் சாய்கின்றனவா, ரோட்டுப் பக்கமாகச் சாய்கின்றனவா என்று அளப்பார். வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் ஆபத்து அதிகம். மேலே ஓடிய ஓடையை யாராவது மண் போட்டு அடைத்தார்களா, ரோடு போடும்போது மலையின் அடியை எவ்வளவு வெட்டினார்கள் என்று பார்ப்பார். இடுக்கியில் மண்ணுக்கு அடியில் தண்ணீர் குழாய் மாதிரி குடைந்துகொண்டு போகிற இடங்கள் உண்டு. மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே பொந்தாக இருக்கும். அதையும் தேடுவார். அப்புறம் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு வரைபடத்தில் ஏற்றி, எந்தச் சரிவில் வீடு இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார்.

இந்த வேலையைச் செய்கிற பெரிய துறை இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம், ஜி.எஸ்.ஐ. 1851-இல் தொடங்கியது. 2014 முதல் நாடு முழுவதும் சரிவு அபாயம் உள்ள மலைப்பகுதிகளை, நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், வரைபடமாக்கினார்கள். 2024 ஜூலை 19-இல் கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்தார்கள். பதினோராம் நாள், ஜூலை 30 விடியற்காலையில், வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. அன்றாட முன்னறிவிப்பை முதலில் சோதித்துப் பார்த்த மாவட்டங்களில் நம் நீலகிரி உண்டு. எல்லா மலைக்கும் அது வர வேண்டுமானால் ஆள் வேண்டும். அந்த மலையில் பிறந்து, லயத்துக்காரர்கள் பேசுகிற மொழியில் “இன்னிக்கு ராத்திரி இங்கே படுக்காதீங்க” என்று சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது என்பது என் எண்ணம்.

சரி, வழி என்ன? முதலில் பி.எஸ்சி ஜியாலஜி. திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி கல்லூரி, இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி என்று இரண்டு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மூன்று வருடம். கேரளத்தில் 2024 முதல் நான்கு வருடப் பட்டம், மூன்றாம் வருடத்தில் விலகவும் வழி உண்டு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால், கோச்சிங் சென்டரில் ஒரு வருடத்துக்குக் கேட்கிற பணத்தில் பட்டப்படிப்பு முழுவதையும் விடுதிச் சாப்பாட்டோடு முடித்துவிடலாம். அடுத்து எம்.எஸ்சி சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு. அதில் ஜியாலஜிக்குத் தனித்தாள் உண்டு. நல்ல இடம் வந்தால் மும்பை, ரூர்க்கி, கரக்பூர் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.

எம்.எஸ்சி முடித்த பிறகு இரண்டு பாதை. ஒன்று யு.பி.எஸ்.சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானிகள் தேர்வு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம். 21 வயதிலிருந்து 32 வரை எழுதலாம், பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஜி.எஸ்.ஐ.க்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் இதில்தான் ஆள் எடுக்கிறார்கள். குரூப் ஏ பதவி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதற்கு மேல் படிகள். ஆனால் இடங்கள் குறைவு. சில வருடம் ஐம்பது அறுபது, சில வருடம் இருநூறுக்கு மேல், அதுவும் நாடு முழுவதற்கும் சேர்த்து. இதை மறைத்து உங்களிடம் நான் ஆசை காட்ட மாட்டேன். கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி மூலம் உதவி நிலவியலாளர் பணி உண்டு. கேரளத்தில் நிலத்தடி நீர்த் துறை, சுரங்கத் துறை இருக்கின்றன. சுரங்க கம்பெனிகளும் எடுக்கின்றன.

இரண்டாவது பாதை ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு நெட் என்று ஒரு தேர்வு உண்டு, நீட் இல்லை. அதில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்று தனிப் பாடமே இருக்கிறது. அந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் பிஎச்.டி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. மேகத்தையும் மழையையும் அளக்க அவர்களுக்கு மூணாறு ராஜமலையில் ஒரு நிலையம்கூட உண்டு.

ஒரு எச்சரிக்கை. ‘சுற்றுச்சூழல்’, ‘பேரிடர் மேலாண்மை’ என்று அழகான பெயர் வைத்துத் தனியார் கல்லூரிகள் பெரிய கட்டணத்தில் பட்டங்கள் விற்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்னால் யு.பி.எஸ்.சி அறிவிக்கையை எடுத்து, தகுதிப் பட்டங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பட்டத்தை எடுத்து, பின்னால் விண்ணப்பமே போட முடியாமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாமா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “டாக்டர்னா ஊர்ல ஒரு மரியாதை. கல்லையும் மழையையும் படிச்சவளுக்கு யார் மரியாதை தருவா?”

மாமா, நீங்கள் கம்பத்திலிருந்து கோட்டயம் பஸ் ஏறினால் வண்டிப்பெரியாறு தாண்டி பீர்மேடு வரும். அங்கே 1918-இல் ஏலத்தோட்டக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அன்னா மாணி. எட்டாம் பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு வாங்கினார்கள். அந்தப் பிள்ளை அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். நான் மேலே சொன்ன அதே சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். எம்.எஸ்சி இல்லை என்று சொல்லி அவருக்குப் பிஎச்.டி பட்டம் தர மறுத்தார்கள். அவர் நிற்கவில்லை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்து, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய, நூறு கருவிகளுக்கு அளவு வரைபடம் போட்டார். அந்தத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 1987-இல் கே.ஆர். ராமநாதன் பதக்கம் வந்தது.

இன்றைக்கும் உண்டு. குசலா ராஜேந்திரன் திருவனந்தபுரத்தில் இதே புவி அறிவியல் மையத்தில் வேலை பார்த்து, பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நிலநடுக்க ஆய்வாளராக இருந்தவர். புவி அறிவியல் அமைச்சகம் பெண் விஞ்ஞானிக்கான தேசிய விருதை அவருக்குக் கொடுத்தது. கோட்டயம் மாவட்டத்துக்காரர் ராக்சி மேத்யூ கோல் புனேயில் பருவமழையையும் இந்தியப் பெருங்கடலையும் ஆராய்கிறார். 2024-இல் இளம் விஞ்ஞானிக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். மீனச்சில் ஆற்றுக் கரையில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் மழைமானி வைத்து அளக்கிறார்கள், அந்த வேலைக்கு அவர் வழிகாட்டி. உங்கள் மருமகள் நோட்டில் செய்வதும் அதேதான், மாமா.

விருதுக்காக யாரும் இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். இவர்கள் எல்லாரும் பல வருடம் வேலை செய்த பிறகு, அந்த வேலையைப் பார்த்து மற்றவர்கள் பரிந்துரைத்து வந்தவை அவை. சுரங்க அமைச்சகத்தின் தேசிய புவி அறிவியல் விருது 1966-இலிருந்து கொடுக்கப்படுகிறது. தனி ஆளாக வாங்குகிறவர்களோடு, குழுவாக மலை ஏறி இறங்கி வரைபடம் போட்டு வாங்குகிறவர்களும் உண்டு. மரியாதை என்று ஒன்று கேட்டீர்களே, அதற்காக இவர்கள் பெயர்களைச் சொன்னேன்.

அக்கா, உங்கள் பயம் வேறு, எனக்குத் தெரியும். பெண் பிள்ளை தனியாகக் காட்டிலும் மலையிலும் அலைவாளே என்று கேட்டீர்கள். அலையத்தான் வேண்டும். வருடத்தில் சில மாதம் முகாம், ராஜஸ்தானிலோ அருணாசலத்திலோ போஸ்டிங், வெயில், அட்டை, பாம்பு எல்லாம் உண்டு. குழுவாகத்தான் போவார்கள், ஜீப் இருக்கும், ஆனாலும் சொகுசான வேலை இல்லை. நீங்கள் இருபது வருடமாக மழையில் அட்டை கடியோடு கொழுந்து எடுத்த மலைதான் அக்கா. அதே மலையில் அவள் அரசாங்க அதிகாரியாக ஏறுவாள்.

இன்னொரு வேலை உடனே இருக்கிறது, அண்ணே. சாதிச் சான்று. 1950-க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று வாங்குவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். தாத்தா பெயர் உள்ள பழைய தோட்டப் பதிவு, பாட்டியின் ரேஷன் கார்டு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். எந்த மாநிலத்தில் விண்ணப்பித்தால் எந்தச் சான்று செல்லும் என்று சேர்ந்து பார்ப்போம். கல்லூரி விண்ணப்பத்துக்கு நாள் அதிகம் இல்லை.

பாப்பாவுக்கு ஒரு வார்த்தை. கணக்கை விட்டுவிடாதே, ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கம் எழுது. யு.பி.எஸ்.சி தேர்வு ஆங்கிலத்தில்தான்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நிலம் வாங்க வந்தவருக்கு அதற்குள் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், போன வாரம் பாதிதான் பார்த்தேன்.