ஞாபக சக்தி மாத்திரை அனுப்பட்டுமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரவு இரண்டு மணி வரை பாடமாக்குகிறாள். காலையில் பாதி மறந்துவிட்டது என்று அழுகிறாள். கனடாவில் இருக்கும் என் தம்பி, 'எபிஜெனெடிக்ஸ்' முறையில் ஞாபக சக்தியைக் கூட்டும் மாத்திரை இருக்கிறதாம், அனுப்பட்டுமா என்று கேட்கிறான். கொடுக்கலாமா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: வேண்டாம் அம்மா. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் பொய்யில்லை. பரம்பரையலகை (ஜீனை) மாற்றாமல், அது வேலை செய்வதா அடங்கிக் கிடப்பதா என்பதை மட்டும் மாற்றுவதைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறார்கள்.

மூளைக் கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி, நூல்கட்டையில் நூல் மாதிரிக் கிடக்கிறது. ஹிஸ்டோனில் அசற்றைல் கூட்டம் என்ற சின்ன இரசாயனத் துண்டு ஒட்டினால் சுற்று தளர்ந்து அந்த இடத்துப் பரம்பரையலகு வேலை செய்யத் தொடங்கும். டி.என்.ஏ.யில் மெதைல் கூட்டம் என்ற இன்னொரு துண்டு ஒட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மகளைக் கேட்டால் இதை உங்களுக்குப் படம் கீறியே காட்டுவாள்.

2007இல் அமெரிக்காவில் கோர்ட்னி மில்லர், டேவிட் ஸ்வெட் இருவரும் எலிகளை ஒரு கூட்டில் விட்டு, காலில் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மறுநாள் அதே கூட்டில் விட்டால் எலி பயத்தில் உறைந்து நிற்க வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு மெதைல் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்தை, மூளையில் நினைவு பதிய உதவும் பகுதியான ஹிப்போகம்பசுக்குள் செலுத்திய எலிகளுக்கோ அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. நினைவை அமுக்கிவைக்கும் ஒரு பரம்பரையலகை மூளை வழக்கமாக மெதைல் ஒட்டி மூடிவிடும். அந்த மருந்தால் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. படித்து முடித்த பிறகும் மூளைக்குள் வேலை நடக்கிறது என்பதைத்தான் இதில் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

அசற்றைல் கூட்டம் கழன்றுபோகாமல் காக்கும் மருந்துகளும் எலிகளில் நினைவைக் கூட்டியிருக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோயேற்றுக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் அது ஈரலைப் பாதிக்கக்கூடியது, கர்ப்பத்தில் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக்கூடியது. தபாலில் வரும் போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று யார் கண்டது?

முதலில் நித்திரை. பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். அன்று படித்தது மூளையில் ஊன்றுவது நித்திரையில்தான். அப்புறம், திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டு, கொப்பியை மூடிவைத்துப் பழைய வினாத்தாளுக்கு விடை எழுதட்டும். அதே பாடத்தை இரண்டு நாள் கழித்து இன்னொரு தரம். வல்லாரைச் சம்பல் சாப்பிடட்டும், நல்ல கறிதான். மருந்தாக மட்டும் நம்ப வேண்டாம்.

களைப்பு, முகம் வெளிறல், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருந்தால் வைத்தியரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் படிப்பில் மனம் நிற்காது.