விஸ்காம் இன்டர்ன்ஷிப்: கிரெடிட் கிடைக்க முதலில் கடிதம் வாங்குங்கள்

தம்பி, கிருஷ்ணகிரி லோக்கல் சேனல்காரர் திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார், துறையில் இன்னும் சொல்லவில்லை, இந்த இன்டர்ன்ஷிப்புக்குப் படிப்பில் கிரெடிட் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். துறைத்தலைவரின் கடிதம் கையில் இல்லாமல் போகாதீர்கள். முன்கூட்டியே ஒப்புதல் வாங்காத நாட்களைக் கணக்கில் சேர்க்க வைப்பது பெரும்பாடு.

யுஜிசி கணக்கில் இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர வேலை, 4 கிரெடிட் என்றால் 120. உங்கள் பாடத்திட்டத்தில் எத்தனை என்று பார்த்து, அந்த எண்ணையும் கடிதத்தில் போடச் சொல்லுங்கள்.

நான் ஒரு ஸ்டுடியோவில் ஐந்து வாரம் ராத்திரி பகலாக எடிட்டிங் செய்தேன், கடைசியில் கிடைத்தது லெட்டர்பேடில் இரண்டே வரி, தேதியும் இல்லை நேரமும் இல்லை, துறையில் ஏற்கவே இல்லை. அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். "மாங்காய் மண்டி பேட்டி, ஆடியோ சரிசெய்தது, காலை 10 முதல் 2 வரை" என்று எழுதி அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள், மறுநாள் என்று விட்டால் நடக்காது.

சேனல்காரர் கையெழுத்துப் போடத் தயங்கினால் தருமபுரி ஆகாசவாணியிலும், ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். அரசு அலுவலகம், பதில் வர நாளாகும், கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.