டெர்மினலில் ஓடும் நிரலுக்கு எடிட்டர் ஏன் 'லைப்ரரி இல்லை' என்கிறது?

கேள்வி: விஷுவல் ஸ்டூடியோ கோடில் பைதான் எழுதுகிறேன். 'இம்போர்ட் ரெக்வெஸ்ட்ஸ்', 'இம்போர்ட் சிவி2' ஆகிய வரிகளின் கீழே மஞ்சள் நெளிகோடு வருகிறது. 'காமன்' என்ற என் சொந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகளை இம்போர்ட் செய்யும் வரிகளுக்கும் அப்படித்தான். ஆனால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டினால் நிரல் பிசகில்லாமல் ஓடுகிறது. பிப் (லைப்ரரிகளை நிறுவும் கருவி) மூலம் இரண்டு முறை மறுபடி நிறுவியும் கோடு போகவில்லை. விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: மூன்றாவது முறை நிறுவாதீர்கள். லைப்ரரி உங்கள் கணினியில்தான் இருக்கிறது; நிரல் ஓடுவதே அதற்குச் சாட்சி. எடிட்டர் தேடும் இடம்தான் வேறு.

அந்த நெளிகோட்டைப் போடுவது பைதான் அல்ல, பைலான்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன். அது உங்கள் நிரலை ஒருபோதும் ஓட்டிப் பார்ப்பதில்லை. உங்களுக்காக எந்தப் பைதான் தேர்வாகியிருக்கிறதோ, அதனிடம் 'எந்தெந்த ஃபோல்டரில் லைப்ரரி தேடுவாய்?' என்று கேட்டு வாங்கி, அந்த ஃபோல்டர்களில் உள்ள கோப்புகளைப் படிக்கும். விண்டோஸ் கணினிகளில் இரண்டு மூன்று பைதான் இருப்பது சாதாரணம்: ஒன்று பைதான் தளத்திலிருந்து இறக்கியது, ஒன்று மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தது, இன்னொன்று அனகோண்டா என்ற பைதான் தொகுப்போடு சேர்ந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 'சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டர் உண்டு. பிப் தான் எந்தப் பைதானைச் சேர்ந்ததோ அதன் ஃபோல்டரில்தான் நிறுவும். நீங்கள் இரண்டு முறையும் நிறுவியது ஒரே இடத்தில். எடிட்டர் பார்ப்பது இன்னோர் இடத்தை.

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். (கட்டளைகளையும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம், கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.) புதிதாக ஒரு பைதான் கோப்பில் இரண்டே வரிகள் எழுதுங்கள்: 'இம்போர்ட் சிஸ்', அடுத்த வரியில் 'பிரிண்ட்(சிஸ்.எக்சிகியூட்டபிள்)'. இதை எடிட்டரின் ஓட்டும் பொத்தானை அழுத்தி ஓட்டாதீர்கள். அந்தப் பொத்தான் எடிட்டர் தேர்ந்தெடுத்த பைதானைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் நிரல் எந்தக் கமாண்ட் பிராம்ப்ட்டில், எந்தக் கட்டளையால் ஒழுங்காக ஓடுகிறதோ, அதே முறையில் ஓட்டுங்கள். 'பைதான்.இஎக்ஸ்இ' என்று முடியும் ஒரு முழு முகவரி வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடிட்டரில் ஏதேனும் ஒரு பைதான் கோப்பைத் திறந்து, கீழ் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பதிப்பு எண் இருக்கும். அதன்மேல் மவுஸை வைத்தால் முகவரி தெரியும். இரண்டு இடத்திலும் 3.12 என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே பதிப்பு இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒப்பிட வேண்டியது முகவரியை.

முகவரி வேறாக இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பைதான்: செலக்ட் இன்டர்பிரட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, குறித்து வைத்த முகவரியைச் சொடுக்குங்கள். பட்டியலில் அது இல்லையென்றால் 'என்டர் இன்டர்பிரட்டர் பாத்' என்று ஒன்று இருக்கும். அதில் முகவரியை ஒட்டுங்கள். இங்கே பலர் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது வேலை செய்யாது. பைதான் நிரலின் முகவரியே வேண்டும். சரியாகக் கொடுத்தால் சில நொடிகளில் ரெக்வெஸ்ட்ஸ், சிவி2 இரண்டின் கோடும் மறையும். மறையாவிட்டால் அதே கட்டளைப் பெட்டியில் 'டெவலப்பர்: ரீலோட் விண்டோ' கொடுங்கள்.

அதன் பிறகும் கோடு நின்றால், அதன்மேல் மவுஸை வைத்து எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். 'குட் நாட் பி ரிசால்வ்ட்' என்பது ஒரு செய்தி. 'குட் நாட் பி ரிசால்வ்ட் ஃப்ரம் சோர்ஸ்' என்பது வேறு செய்தி. முன்னதில் எடிட்டருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பின்னதில் லைப்ரரியின் வடிவத்தை மட்டும் சொல்லும் ஒரு குறிப்புக் கோப்பு கிடைத்திருக்கிறது, உண்மையான லைப்ரரி கிடைக்கவில்லை. ரெக்வெஸ்ட்ஸ், யாமில் போன்ற சில லைப்ரரிகளுக்கு அத்தகைய குறிப்புக் கோப்புகள் பைலான்ஸ் கூடவே வருகின்றன. அதனால் லைப்ரரி இல்லாத பைதானைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் 'ரெக்வெஸ்ட்ஸ்' என்று எழுதிப் புள்ளி வைத்ததும் பரிந்துரைகள் வரிசையாக வந்து நிற்கும். பரிந்துரை வருவதை லைப்ரரி நிறுவப்பட்டதற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. இம்போர்ட் வரியில் உள்ள பெயரில் கர்சரை வைத்து எஃப்12 அழுத்துங்கள். திறக்கும் கோப்பு சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் இருந்தால் உண்மையான லைப்ரரி கிடைத்துவிட்டது என்று பொருள்.

எஃப்12 இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். உங்கள் ஃபோல்டரிலேயே 'ரெக்வெஸ்ட்ஸ்.பிஒய்' அல்லது 'ரேண்டம்.பிஒய்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்திருந்தால், அதுதான் திறக்கும். பைதானும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிவி2 வேண்டுமென்றால் பிப்பில் 'ஓபன்சிவி-பைதான்' என்று நிறுவ வேண்டும். பிஎஸ்4-க்கு 'பியூட்டிஃபுல்சூப்4', எஸ்கேலேர்னுக்கு 'சைகிட்-லேர்ன்', பிஐஎல்லுக்கு 'பில்லோ'. இனி நிறுவும்போது 'பிப் இன்ஸ்டால்' என்று தொடங்காமல் 'பைதான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று தொடங்குங்கள். எந்தப் பைதானுக்கு நிறுவுகிறோம் என்பதில் அப்போது குழப்பம் வராது. ஏற்கெனவே நிறுவியது எங்கே போனது என்று தெரிய 'பைதான் -எம் பிப் ஷோ ரெக்வெஸ்ட்ஸ்' கொடுத்து, 'லொகேஷன்' என்ற வரியைப் பாருங்கள்.

இனி உங்கள் 'காமன்' ஃபோல்டர். இதற்கு இன்டர்பிரட்டரை மாற்றிப் பயனில்லை. நிரலின் மேலே 'சிஸ்.பாத்.அப்பெண்ட்' என்று ஒரு வரி வைத்து அந்த ஃபோல்டரைச் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அந்த வரி வேலை செய்வது நிரல் ஓடும்போது. எடிட்டர் நிரலை ஓட்டுவதில்லையாதலால் அந்த ஃபோல்டர் அதற்குத் தெரிவதேயில்லை. அதில் '../காமன்' என்று எழுதியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த முகவரி கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படாது, டெர்மினல் அப்போது நிற்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும். வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் நிரலே நின்றுபோகும்.

உடனடித் தீர்வு இது. கன்ட்ரோலுடன் கமா அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, மேலே 'வொர்க்ஸ்பேஸ்' தாவலுக்குப் போங்கள். 'எக்ஸ்ட்ரா பாத்ஸ்' என்று தேடினால் 'பைதான் அனாலிசிஸ்' என்ற தலைப்பின் கீழ் அது வரும். 'ஆட் ஐட்டம்' அழுத்தி './காமன்' என்று சேருங்கள். இந்தப் புள்ளி எடிட்டரில் நீங்கள் திறந்திருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும். அதனால் எப்போதும் முழு ப்ராஜெக்ட் ஃபோல்டரையே திறக்க வேண்டும். அதற்குள் உள்ள ஒன்றையோ, அதற்கு மேலே உள்ள 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரையோ திறந்தால் கணக்குத் தப்பிவிடும். தாவல் 'யூசர்' என்று இருக்கும்போது சேர்த்தால் உங்கள் எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். ப்ராஜெக்ட்டில் பைலான்ஸ் படிக்கும் 'பைரைட்கான்ஃபிக்' என்ற அமைப்புக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் செட்டிங்ஸில் எழுதுவதை விட்டு, அந்தக் கோப்பிலேயே எக்ஸ்ட்ரா பாத்ஸைக் கொடுங்கள்.

இந்த செட்டிங் எடிட்டருக்கு மட்டும்தான். பைதானுக்கு இது தெரியாது, ஆகவே சிஸ்.பாத் வரியை இப்போதைக்கு நீக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு வேண்டுமென்றால் உங்கள் கோப்புகளை ஒரு பேக்கேஜாக்குங்கள். ப்ராஜெக்ட்டில் 'எஸ்ஆர்சி' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்குள் காமனை நகர்த்தி, ப்ராஜெக்ட்டின் வேரில் பேக்கேஜை விவரிக்கும் 'பைப்ராஜெக்ட்.டாம்ல்' என்ற கோப்பை எழுதி, 'பைதான் -எம் பிப் இன்ஸ்டால் -இ .' என்று கொடுக்க வேண்டும். கடைசிப் புள்ளியும் கட்டளையில் சேர்ந்தது. எஸ்ஆர்சி ஃபோல்டரை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2022-இல் வந்த செட்டப்டூல்ஸ் (பேக்கேஜை உருவாக்கும் கருவி) 64 முதல், எஸ்ஆர்சி இல்லாமல் பேக்கேஜை நேரே ப்ராஜெக்ட்டின் வேரில் வைத்து இப்படி நிறுவினால், ஃபோல்டர் முகவரிக்குப் பதிலாக இம்போர்ட்டை இடைமறிக்கும் ஒரு சிறு நிரல் நிறுவப்படும். ஓடும்போது அது சரியாக வழிகாட்டும். ஓட்டாமல் படிக்கும் எடிட்டருக்கு அது வெறும் சுவர். எஸ்ஆர்சி அமைப்பில் சாதாரண முகவரி வரிதான் எழுதப்படும், எடிட்டரும் அதைப் படிக்கும். அது மட்டுமல்ல, 'எஸ்ஆர்சி' என்ற பெயருள்ள ஃபோல்டரை பைலான்ஸ் தானாகவே தேடிப் பார்க்கும். அமைப்பை மாற்ற முடியாதவர்கள் நிறுவும் கட்டளையோடு '--கான்ஃபிக்-செட்டிங்ஸ் எடிட்டபிள்_மோட்=கம்பாட்' என்று சேர்க்கலாம்.

ப்ராஜெக்ட் ஒன்றுக்கு ஒரு தனிச் சூழல், அதாவது அதற்கென்றே பைதானும் லைப்ரரிகளும் உள்ள ஒரு ஃபோல்டர், வைத்துக்கொள்வதையே நாங்கள் பரிந்துரைப்போம். கட்டளைப் பெட்டியில் 'பைதான்: கிரியேட் என்விரான்மென்ட்' கொடுத்து 'வென்வ்' தேர்ந்தெடுத்தால் '.வென்வ்' என்ற ஃபோல்டர் உருவாகும், எடிட்டரும் அதையே எடுத்துக்கொள்ளும். லைப்ரரிகளை ஒருமுறை அதற்குள் நிறுவ வேண்டியிருக்கும். எடிட்டருக்கு உள்ளே திறக்கும் புதிய டெர்மினல் தானாகவே அந்தச் சூழலுக்குள் போகும். வெளியே தனிக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்தால் '.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்' என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டை ஓட்ட அனுமதி மறுத்தால் கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். இந்த ஃபோல்டரை இடம் மாற்றவோ இன்னொரு கணினிக்கு நகலெடுக்கவோ கூடாது. அதற்குள் முழு முகவரிகள் எழுதப்பட்டிருப்பதால் உடைந்துவிடும். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது சில நிமிட வேலை.

கோட்டை மறைக்க 'ரிப்போர்ட் மிஸ்ஸிங் இம்போர்ட்ஸ்' எச்சரிக்கையை மொத்தமாக அணைக்கச் சொல்லும் யோசனையும் உங்கள் கண்ணில் படும். அதைச் செய்யாதீர்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் நிரல் ஓடும்வரை தெரியாமல் போய்விடும். ராஸ்ப்பெரி பையில் மட்டும் நிறுவக்கூடிய லைப்ரரியை மடிக்கணினியில் எழுதுவது போன்ற நேரங்களில், அந்த ஒரு வரியின் முடிவில் '# டைப்: இக்னோர்' என்று எழுதினால் அந்த வரிக்கு மட்டும் கோடு வராது.