“போதுமான அளவு செய்தேனா?” என்று அம்மா கேட்கிறார்

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் கொழுந்து பறித்த என் அம்மா இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். வேலைக் காலத்தில் ஆலயத்துக்குத் தவறாமல் போக அவரால் முடிந்ததில்லை. ஆனால் லைன் வீடுகளில் பிரசவமானாலும் சாவானாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஜெபிக்க வந்த ஒருவர், நற்கிரியைகள் எல்லாம் அழுக்கான கந்தை என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தோலிக்கரான என் கணவரோ நற்செயலுக்குப் பலன் உண்டு என்கிறார். “ஆண்டவருக்குப் போதுமான அளவு செய்தேனா?” என்று அம்மா கேட்கும்போது நான் என்ன சொல்வது?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, இவ்வளவு செய்தால் போதும் என்று ஓர் அளவு இரட்சிப்பில் கிடையாது, ஆகவே அதை எட்டினோமா என்று உங்கள் அம்மா இனிக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்று பவுல் எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்த 8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் பலர் 10-ஆம் வசனத்துக்குப் போகாமலே நின்றுவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்றும், அவற்றைத் தேவனே முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்றும் அங்கே வாசிக்கிறோம். இரட்சிப்புக்கு விலையாகாத அதே கிரியைகள், இரட்சிக்கப்பட்டவர் நடக்கும் வழியாகின்றன.

அம்மாவைக் காயப்படுத்திய “அழுக்கான கந்தை” என்ற சொல் ஏசாயா 64:6-இல் இருக்கிறது. அது, தன் பாவத்தை உணர்ந்து கதறும் ஒரு ஜனம் தேவனிடம் தன்னைப் பற்றியே செய்யும் அறிக்கை. நோயாளியின் கட்டிலருகே நின்று, அவர் பிறருக்குச் செய்த உதவியைப் பார்த்து இன்னொருவர் சொல்வதற்கு அந்த வசனம் தரப்படவில்லை.

விசுவாசத்தால் இரட்சிப்பு என்னும் பவுலும், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபும் முரண்படுவதாக உங்களிடம் யாராவது சொன்னால், இருவரும் ஆபிரகாமின் வாழ்க்கையில் எந்த நேரத்தைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ரோமர் 4-இல் பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 15: பிள்ளையில்லாத ஆபிரகாம் நட்சத்திரங்களைப் பார்த்தபடி கர்த்தரை விசுவாசித்தபோது அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது, விருத்தசேதனம்கூட 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. யாக்கோபு எடுத்துக்கொள்வதோ, பல ஆண்டுகள் கழித்து ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22-ஆம் அதிகாரம். முன்னவர் கிரியையைக் காட்டி உள்ளே வர நினைப்பவர்களிடம் பேசுகிறார். பின்னவர், உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாத சகோதரனிடம் “குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களிடம் பேசுகிறார். நம் மலையில் உறைபனி விழும் இரவுகளில் கம்பளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் பெண்களுக்கு யாக்கோபின் அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஓடிய உங்கள் அம்மாவின் வாழ்க்கையில் “அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்” இருந்ததை நீங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கணவரோடு இதற்காக வாதிட வேண்டாம். நீதிமானாக்கப்படுவதற்கு முந்திய எந்தச் செயலும் அந்தக் கிருபையைச் சம்பாதித்துத் தராது என்று கத்தோலிக்க திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமே 1547-இல் சொல்லியிருக்கிறது. லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று ஒரே குரலில் அறிக்கையிடுகிறது. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். நற்செயலின் பலனைப் பற்றிய பேச்சில் வேறுபாடு இன்னும் உண்டு. ஆனால் கிரியையால் மோட்சத்தை வாங்கலாம் என்று உங்கள் கணவரின் திருச்சபை போதிக்கவில்லை.

அம்மாவிடம் மத்தேயு 20-ஐ வாசியுங்கள். பறித்த கொழுந்தை எடைபோட்டுப் பெயருக்கு நேரே எழுதிய தோட்டத்தில் வாழ்ந்தவர் அவர். வேலை முடிய ஒரு மணி நேரமே இருந்த பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமானின் செயல் எவ்வளவு வியப்பானது என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகப் புரியும்.

அடுத்தபடியாக, “என் விசுவாசமாவது போதுமா?” என்று அவர் கேட்கக்கூடும். அப்போது விசுவாசத்தையும் இன்னொரு கிரியையாக்கி அளக்க விடாதீர்கள். நம்மைத் தாங்குவது நம் பிடியின் பலம் அல்ல, கிறிஸ்துவே. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் பிள்ளையைச் சுகமாக்கினார். மாற்கு 9-இல் உள்ள அந்த ஜெபத்தை அம்மாவோடு சேர்ந்து சொல்லுங்கள். உங்கள் சபை ஆயரிடம் சொல்லி, வீட்டுக்கே வந்து அவருக்குத் திருவிருந்து கொடுக்கக் கேளுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு அப்படிக் கொடுப்பது வழக்கந்தான், தயங்க வேண்டாம். அன்று உங்கள் கணவரும் அருகில் அமர்ந்து ஜெபிக்கட்டும்.