கிளாரண்டன் எழுத்துரு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கிளாரண்டன் என்ற ஆங்கில எழுத்துருவைப் பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் எழுத்தின் அடியைப் பாருங்கள். செரிஃப், அதாவது கோட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, நல்ல தடிப்பட்டையாக இருக்கும், ஆனால் தண்டு (எழுத்தின் நிற்கும் கோடு) அதில் வந்து சேரும் இடம் மரத்தின் அடி விரிகிற மாதிரி வளைந்து இறங்கும். ராக்வெல் என்ற இன்னொரு எழுத்துருவில் இந்த வளைவு கிடையாது, பலகையை ஒட்டவைத்தது போல நேராக நிற்கும். அப்புறம் சின்ன ‘ஆர்’ எழுத்தைப் பெரிதாக்கினால் அதன் கை நுனியில் மைச்சொட்டு போல ஓர் உருண்டை தெரியும். பெரிய ‘ஆர்’ என்றால் வலது கால் தரையைத் தொட்டதும் நுனி மட்டும் லேசாக மேலே சுருளும், எனக்கு இந்த ஃபான்ட் பிடித்துப்போனதே அந்தக் காலால்தான்.

கேள்வி: எவ்வளவு பழசு? யார் செய்தது?

பதில்: 1845, அச்சு எழுத்து வார்க்கும் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகம். செய்தவர் என்ற பெயர் அந்த வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லிக்குப் போய்விட்டது, ஆனால் எஃகில் எழுத்தை வெட்டிய பெஞ்சமின் ஃபாக்ஸையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அதற்கு முன்பு தடித்த எழுத்து என்றால் பெரும்பாலும் போஸ்டர் எழுத்துதான், வரிக்கு நடுவே வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும். இதைக் கொஞ்சம் ஒடுக்கமாக, சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் உட்காரும்படி செய்தார்கள். அகராதியில் தலைச்சொல் மட்டும் கண்ணில் படவேண்டுமா, அந்தச் சொல்லுக்கு மட்டும் கிளாரண்டன் ஈய எழுத்தை எடுத்துக் கோர்ப்பார்கள். இன்று ஒரு பட்டனில் போல்டு ஆக்குகிறோமே, அதே வேலை. வடிவத்தைச் சட்டப்படி பதிவு செய்தும் 3 வருடம்தான் பாதுகாப்பு, அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்களும் இதே மாதிரி எழுத்தை விற்க ஆரம்பித்துவிட்டன.

கேள்வி: கௌபாய் படங்களில் வரும் ‘வான்டட்’ போஸ்டர் எழுத்து இதுதானே?

பதில்: சொந்தக்கார எழுத்து, இதுவே அல்ல. அது பிரெஞ்சு கிளாரண்டன், தண்டை விட மேல் கீழ் செரிஃப் தடிமனாக இருக்கும். அமெரிக்காவில் மர எழுத்தாக நிறைய ஓடியது.

கேள்வி: கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் முழுக்க இதிலேயே போடலாமா?

பதில்: வேண்டாம். மணமக்கள் பெயர், தேதி, அதோடு நிறுத்துங்கள். நான் ஒரு முறை முழுப் பக்கத்தையும் 9 பாயிண்ட் போல்டில் போட்டேன், வழவழப்பில்லாத தாளில் மை பரவி ஆங்கில ‘ஏ’, ‘ஈ’ எழுத்துகளின் கண் (உள்ளே இருக்கும் வெற்றிடம்) எல்லாம் அடைத்துப்போய் முகவரியைக்கூடப் படிக்க முடியவில்லை, மொத்தத்தையும் திரும்ப அடிக்க வேண்டியதாகிவிட்டது.

கேள்வி: கடை போர்டில் தமிழ் எழுத்தோடு சேருமா?

பதில்: நன்றாகவே சேரும். போடோனி என்ற எழுத்துருவில் மெல்லிய கோடு முடி மாதிரி இருப்பதால் தடித்த தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் காணாமல் போய்விடும். கிளாரண்டனில் தடிப்புக்கும் மெலிவுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஆனால் பாயிண்ட் அளவு ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள், ‘ட’வின் நிற்கும் கோட்டையும் ‘எச்’ எழுத்தின் தண்டையும் பக்கத்தில் வைத்து தடிமன் ஒத்துவரும் வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: எந்த வெர்ஷன் வாங்கலாம்?

பதில்: காசு கொடுப்பதென்றால் 1953இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் வரைந்ததன் வழி வந்தது. இலவசம் என்றால் கூகுள் ஃபான்ட்ஸில் ‘பெஸ்லி’ என்றே ஒன்று இருக்கிறது, போல்டும் உண்டு, போர்டுக்குத் தாராளமாகப் போதும்.