துணிப்பை தைத்து விற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் 14 × 16 அங்குலத்தில் 300 துணிப்பை கேட்கிறார். பைக்கு 60 ரூபாய் தருவாராம். துணிச் செலவு 30 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. பாதிக்குப் பாதி லாபம்தானே? (திண்டுக்கல்)

மிச்சமாகும் 30 ரூபாயில் பெரும்பகுதி உங்கள் கூலி. அதை லாபம் என்று எடுத்துக்கொண்டதால்தான் கணக்கு இனிக்கிறது.

46 அங்குல அகலக் காடாத் துணி என்று வைத்துக்கொள்வோம். அடிப்பக்கம் தையல் இல்லாமல் மடித்துத் தைக்கும் பைக்கு 15 அங்குல அகலமும் 35 அங்குல நீளமும் வேண்டும். வாய் மடிப்புக்கு இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் இதிலேயே அடக்கம். குறுக்கே 3 பை வெட்டலாம். அந்த மூன்றுக்கும் 6 கைப்பிடி. 4 அங்குலப் பட்டையை நாலாக மடித்தால் 1 அங்குலக் கைப்பிடி கிடைக்கும். துணியின் அகலத்தில் ஒரு பட்டைக்கு இரண்டு கைப்பிடி வரும் என்பதால், மூன்று பட்டைக்கு இன்னும் 12 அங்குலத் துணி போகும். ஆக 3 பைக்கு 47 அங்குலம், 10 மீட்டருக்கு 24 பை. மீட்டர் 70 ரூபாய் என்றால் பைக்குத் துணி 29 ரூபாய். நூல், ஊசி, கரண்டுக்கு 3, வண்டிச் செலவுக்கும் கழிவுக்கும் 4. கையில் நிற்பது 24 ரூபாய்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். வெட்டுவது முதல் பிசிறு நறுக்கி மடித்து வைப்பது வரை ஒரு பைக்கு 20 நிமிடம் ஆனால், 300 பைக்கு 100 மணி நேரம். கிடைப்பது 7,200 ரூபாய், மணிக்கு 72. மணிக்கு 80 ரூபாய் கொடுத்து ஓர் ஆளை வைத்தால் கையிலிருந்து போகும். இதே வேலையைப் பத்துப் பத்தாக அடுக்கி வெட்டி, கைப்பிடியெல்லாம் முதலில், பக்கத் தையலெல்லாம் அடுத்து என்று ஓட்டினால் நேரம் குறையும். 14 நிமிடத்துக்கு வந்தால் மணிக்கு 100 ரூபாய் தாண்டும். எனவே பதில் சொல்வதற்கு முன் 10 பையை அப்படித் தைத்து, கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 20 நிமிடத்திலேயே நின்றால் 75 ரூபாய்க்குக் குறைந்து ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கைப்பிடி தைத்த இடம் கிழிந்து இரண்டு பை திரும்பி வந்துவிட்டது. நூல் அறவில்லை, துணிதான் கிழிந்திருக்கிறது. (கரூர்)

நூல் நின்று துணி கிழிந்தால், தையல் மிக நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று பொருள். உறுதிக்காக ஒரே கோட்டில் நாலைந்து முறை முன்னும் பின்னும் அடித்திருப்பீர்கள். ஊசி ஒவ்வொரு முறையும் நெசவு இழையைத் துளைக்கிறது; அந்தக் கோடு, கிழிப்பதற்காக ஓட்டை போட்ட ரசீதுத்தாள் மாதிரி ஆகிவிடும்.

தையல் நீளத்தை அங்குலத்துக்கு 10 அளவில் வையுங்கள். கைப்பிடி முனையை வாய் மடிப்புக்குள் ஒன்றரை அங்குலம் செருகி, மடிப்பைத் தைத்த பிறகு கைப்பிடியை மேலே திருப்பி, ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் அடியுங்கள். எடை ஒரே கோட்டில் விழாமல் சதுரம் முழுக்கப் பரவும். அந்த இடத்தில் துணி பல மடிப்பாக இருப்பதால் 16 நம்பர் ஊசி வேண்டும். 11 நம்பர் வளைந்து தையலை விட்டுவிடும். பாலியஸ்டர் நூலே நல்லது. டெலிவரிக்கு முன் ஒரு பையில் 5 கிலோ அரிசி போட்டு ஒரு ராத்திரி ஆணியில் மாட்டிப் பாருங்கள்.

சிவப்பு அச்சுத் துணியில் வெள்ளை உள்துணி வைத்துத் தைத்தேன். துவைத்ததும் உள்துணி இளஞ்சிவப்பாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா? (மதுரை)

நிற்காது. உப்பு சாயம் ஏற்றும்போது உதவுமே தவிர, ஒட்டாமல் மேலே நிற்கும் சாயத்தைக் கட்டிப்போடாது. துணி வாங்கியதும் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். கறை பட்டால், தண்ணீர் தெளியும்வரை அலசிய பிறகே வெட்ட வேண்டும். அப்போதும் விடுகிறதென்றால் வெள்ளை உள்துணியோடு சேர்க்காதீர்கள். சுருக்கத்தையும் இப்போதே பார்த்துவிடலாம்: 50 செ.மீ. சதுரம் வரைந்து, அலசிக் காயவைத்து மறுபடி அளந்தால் எவ்வளவு கூடுதலாக வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கால் மிஷினை விட்டுப் பவர் மிஷின் வாங்கினால் இரண்டு மடங்கு தைக்கலாமா? (தஞ்சாவூர்)

பவர் மிஷின், அதாவது கம்பெனிகளில் ஓடும் வேகமான தையல் மிஷின், நிமிடத்துக்கு 4,000 தையல்வரை ஓடும். ஆனால் பையில் நேரம் போவது வெட்டுவதிலும் திருப்புவதிலும் இஸ்திரியிலும்தான். 20 நிமிடத்தில் ஊசி ஓடுவது 6 நிமிடம் என்றால், அந்த 6-தான் குறையும். பழைய மிஷினுக்கு மோட்டார் மாட்டி, நல்ல வெட்டு மேசை ஒன்று போடுங்கள். தினமும் 40 பைக்கு ஆர்டர் நிலைத்த பிறகு பவர் மிஷினை யோசிக்கலாம்.

ஜிஎஸ்டி எடுத்தாக வேண்டுமா? (சேலம்)

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை வேண்டாம். அந்த வரம்புக்குள் ஆன்லைன் தளங்களில் மாநிலத்துக்குள் விற்கவும் 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை; ஜிஎஸ்டி இணையதளத்தில் தரும் சேர்க்கை எண் (enrolment number) போதும். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாகப் பதிவு வேண்டும். அரசு அறிவித்த கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. பட்டியலைப் பார்க்காமல் நம் பொருளும் அதில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சீமந்தத்துக்குப் பெயர் போட்டு 50 பை சொன்னவர், தைத்து முடித்ததும் வேண்டாம் என்கிறார். (திருநெல்வேலி)

பெயர் விழுந்த பையை வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் பெயர், தேதி போடும் வேலைக்கு முழுப் பணமும் முன்பே வாங்குங்கள். மற்ற ஆர்டருக்குப் பாதி, அது குறைந்தது துணிச் செலவையாவது ஈடுகட்ட வேண்டும். பெயரின் எழுத்து, நூல் நிறம், அளவு, கொடுக்கும் தேதி நான்கையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில், மாதிரிப் பையின் படத்தோடு அனுப்புங்கள். "சரி" என்று பதில் வந்த பிறகு கத்தரியை எடுங்கள்.